மாலை நாலரைக்குப் படியில் உட்கார்ந்து பாருங்கள்

நான் வரைந்த முதல் திறந்தவெளி அரங்கைத் திறப்பு விழா அன்று எல்லோரும் புகழ்ந்தார்கள். மெருகேற்றிய கறுப்பு கிரானைட் படிகள், அரைவட்ட மேடை, சுற்றிலும் வண்ண விளக்குகள். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது படிகளில் ஈ காக்கை இல்லை. காவலாளியைக் கேட்டேன். "பொழுது சாய்ந்த பிறகும் கல் சுடுகிறது சார், யார் உட்காருவார்கள்?" என்றார். தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கல் மாலையில்தான் கக்கும். கட்டடக்கலை படித்தவனுக்கு இது தெரியாத விஷயமல்ல. படம் அழகாக வரவேண்டும் என்ற ஆசையில் மறந்துவிட்டேன்.

அந்த வெட்கத்தோடுதான் இன்னொரு ஊரில், நகரப் பூங்கா ஒன்றின் பழைய அரங்கைச் சீரமைக்கும் வேலைக்குப் போனேன். என் கையில் கொடுக்கப்பட்ட மதிப்பீட்டில் புதிய டைல்ஸ், பெயின்ட், எஃகுக் கைப்பிடி, செயற்கை நீரூற்று, 'ஐ லவ்' என்று தொடங்கி ஊர்ப்பெயரில் முடியும் பலகை எல்லாம் இருந்தன. அரங்கை ஏன் யாரும் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி மட்டும் இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, தினமும் மாலை நாலரைக்குப் போய் அந்தப் படிகளில் உட்கார்ந்தேன்.

முதல் நாளே பாதி விடை கிடைத்துவிட்டது. பார்வையாளர் மேற்கு நோக்கி உட்காரும்படி அரங்கைக் கட்டியிருந்தார்கள். சூரியன் மேடைக்குப் பின்னால் இறங்குகிறது. பார்ப்பவர் கண்ணில் நேராக அடிக்கிறது. மேடையில் நிற்பவர் வெறும் நிழலுருவமாகத் தெரிகிறார். மேற்கு பார்த்த படிகள் என்பதால் பிற்பகல் வெயில் முழுவதையும் அவையே வாங்கிக்கொள்கின்றன. புதிதாகக் கட்டுவதானால் பார்வையாளரை வடக்கு நோக்கித் திருப்பியிருப்பேன். இருக்கும் அரங்கைத் தூக்கித் திருப்ப முடியாது. மேடைக்குப் பின்னால் புங்கன் வரிசை ஒன்றை நெருக்கமாக நட முடிவு செய்தோம். ஐந்து மீட்டர் வளர்ந்த மரத்தின் நிழல் மாலை ஐந்து மணிச் சரிவில் பத்து மீட்டரைத் தாண்டி நீளும். கண்கூச்சமும் குறையும், கீழ்ப்படிகளும் குளிரும். ஒரு மரம், இரண்டு வேலை. டைல்ஸ் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அடுத்தது மழை. பள்ளமாக வெட்டிக் கட்டிய அரங்கம் ஐப்பசி, கார்த்திகையில் குளமாகிவிடும். இங்கே தண்ணீர் வெளியேற வேண்டிய துளை தரைமட்டத்தைவிட இரண்டு அங்குலம் மேலே இருந்தது! அடைமழை நின்ற பிறகும் கணுக்கால் அளவுத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல தொட்டில் வேண்டாம். முட்டை கொசுவாகிப் பறக்க ஒன்றரை வாரம் போதும். தரையை உயர்த்துவதைவிட, பூங்காவின் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்காமல் மேல்விளிம்பிலேயே சுற்றுவடிகால் போட்டுத் தடுப்பதுதான் சரியான வைத்தியம். உள்ளே விழும் மழைக்கு மட்டும் உறிஞ்சுகுழி.

படியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஊர்களில் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். உட்காரும் படிக்கு 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஏறும் படிக்கு 15 சென்டிமீட்டர். இரண்டையும் ஒன்றாக்கி 30 சென்டிமீட்டரில் ஒரே படியாகக் கட்டிவிடுகிறார்கள். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது, ஏறினால் பாட்டிமார் பேரன் தோளைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. சாய்தளக் கணக்கும் இப்படித்தான். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவான விதி. 90 சென்டிமீட்டர் உயர மேடைக்குச் சக்கர நாற்காலி ஏற ஏறக்குறைய 11 மீட்டர் நீளம் தேவை. அந்த இடத்தை யாரும் ஒதுக்குவதில்லை. கடைசியில் மூன்று மீட்டரில் ஒரு சறுக்குமரத்தைக் கட்டி, பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை மாட்டிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். பலகை அந்தச் சட்டத்துக்குக் காட்டும் மரியாதையாம். நாங்கள் மேடையின் உயரத்தையே 45 சென்டிமீட்டராகக் குறைத்தோம்; சாய்தளமும் பாதியானது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1962இல் திறந்த டெலகோர்ட் அரங்கைப் புதுப்பித்து 2025இல் மீண்டும் திறந்தபோது, சக்கர நாற்காலியில் வரும் பார்வையாளருக்கும் கலைஞருக்கும் வழியமைத்தது முக்கியமான பணிகளில் ஒன்றாக இருந்தது.

ஒலி விஷயத்தில் ஒரு பரவலான தவறான நம்பிக்கை உண்டு: மரம் நட்டால் சாலை இரைச்சல் நின்றுவிடும் என்பது. ஒற்றை மரவரிசை சத்தத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். மண்மேடுதான் தடுக்கும். வடிகாலுக்குத் தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்ப இருந்தார்கள். அதைச் சாலைப்பக்கம் குவித்துப் புல் பதித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆனால் அக்கம்பக்கத்தாரின் புகார் எட்டு மணிக்கே வந்துவிடுகிறது. காரணம், மேடையின் இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்வரை சத்தத்தைக் கூட்டுவது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி சுமார் ஆறு டெசிபல் குறையும். சிறிய ஸ்பீக்கர்களைப் படிகளுக்கு இடையே பரவலாக வைத்தால் குறைந்த ஒலியே எல்லோருக்கும் போதும். எதிர்வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

கலைஞர்களை யாரும் கேட்பதில்லை. நான் கேட்டபோது ஒரு கூத்துக் குழுவின் வாத்தியார் மேடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கழிப்பறை எங்கே? பெண்கள் எங்கே உடை மாற்றுவார்கள்?" என்றார். 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியதிலிருந்து நாட்டுப்புறக் கலைகள் பூங்காக்களுக்கு வருவது பெருகியிருக்கிறது. விடியவிடிய ஆடுகிற கூத்தை நமக்காக இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருகிறார்கள். முகத்துக்கு அரிதாரம் பூசவும் தோளில் புஜக்கட்டை கட்டவும் ஆகும் நேரத்தைச் சுருக்க முடியாது. அதுவரை அவர்கள் வேனுக்குப் பின்னால் வேட்டியைக் கட்டித் திரையாக்கிக்கொள்கிறார்கள். நீரூற்றை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணாடியும் தண்ணீர்க் குழாயும் உள்ள இரண்டு ஒப்பனை அறைகளைச் சேர்த்தோம். நீரூற்றுக்காக நடந்த வாக்குவாதம் மட்டும் மூன்று கூட்டங்களுக்கு நீடித்தது. ஊர்ப்பெயர்ப் பலகையை என்னால் தடுக்க முடியவில்லை.

போன மாதம் மறுபடி போய்ப் படியில் உட்கார்ந்தேன். புங்கன்கள் இப்போதுதான் ஆளுயரம் வந்திருக்கின்றன. கீழ் இரண்டு வரிசைகளில் நிழல். அங்கே மாணவர்கள் சிலர் பறை பழகிக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசைகள் இன்னும் சுடுகின்றன.