தலைகீழாக மிதக்கத் தெரியாத படகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவை அடுத்த எங்கள் தோட்டப்புற நகரில், ஞாயிறு காலை ஏழரை மணிக்கெல்லாம் பழைய ஈயக்குட்டையின் (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டை) கரையில் நான்கைந்து பேர் கூடிவிடுவோம். எங்கள் கைகளில் தூண்டில் இருக்காது. ரிமோட் கருவியும் பழைய துண்டில் சுற்றிய மாதிரிப் படகும் இருக்கும். சென்ற மாதம் அங்கே நடந்த ஒன்றைக் குறித்து, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, பேட்டரி தீர்ந்து நடுக்குட்டையில் நின்றுவிட்ட படகை என் டக் போட் என்னும் இழுவைப் படகில் கட்டி இழுத்து வந்தேன். காற்றடித்துக் கயிறு பக்கவாட்டில் இழுபட்டதும் டக் போட் கவிழ்ந்தது. சிறிது நேரம் தலைகீழாகவே மிதந்துவிட்டு மூழ்கிப்போனது. நீங்களோ உங்கள் மீட்புப் படகை வேண்டுமென்றே குப்புறத் தள்ளினீர்கள். அது உடனே தானாக எழுந்து நின்றது. என் படகுதானே அகலமானது? அது ஏன் எழவில்லை?"

கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. தம்பியின் படகு அகலமானது, அதனால்தான் எழவில்லை.

ஆர்க்கிமிடீஸ் சொன்னது பள்ளியில் படித்ததே என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. படகின் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் நின்று கீழே இழுக்கிறது என்றும், நீரின் உந்துவிசை, அமிழ்ந்திருக்கும் பகுதியின் நடுப்புள்ளியாகிய மிதப்பு மையத்தில் நின்று மேலே தள்ளுகிறது என்றும் கொண்டால் போதும். படகு வலப்புறம் சாயும்போது ஈர்ப்பு மையம் படகுக்குள் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையம் மட்டும் வலப்புறமாக நகர்கிறது. அங்கிருந்து நேர் மேலாக ஒரு கோடு போட்டால், அது படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746-இல் வெளியிட்ட கப்பல் கட்டுமான நூலில் இந்தப் புள்ளியை விளக்கினார். மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும் வரை படகு நிமிர்ந்துகொள்ளும். கீழே இறங்கிவிட்டால் கவிழும்.

மெட்டாசென்டரை உயர்த்திப் பிடிப்பது, நீர்மட்டத்தில் படகுக்கு இருக்கும் அகலம். அதுவும் முப்படிக் கணக்கில்: எடையை மாற்றாமல் அகலத்தை இரு மடங்காக்கினால், மிதப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள தொலைவு எட்டு மடங்காகிறது. இதற்குச் சான்று தேட எங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சோங் துவாலாங் சாலையோரம் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடையுள்ள அந்த எந்திரம் 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மிதவையின் மேல் நின்றுதான் 1982 வரை மண்ணை வாரி ஈயம் பிரித்தது. அந்த மிதவையின் ஆழம் 3 மீட்டர்தான். நாலைந்து மாடி உயரத்துக்கு இரும்பை அடுக்கி வைத்தும் அது கவிழாமல் நின்றதற்கு அந்த 35 மீட்டர் அகலமே காரணம்.

ஆனால் ஒரு பலகையை நீரில் இட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் அது மட்டமாக மிதக்கும். ஏனெனில் தன் முதுகு எது, வயிறு எது என்பது பலகைக்குத் தெரியாது. அகலத்தால் நிற்கும் படகும் அத்தகையதே. நேராக இருக்கும்போது சாயவிடாமல் காத்த அதே அகலம், குப்புற விழுந்த பிறகு அந்த நிலையையும் அதே விசுவாசத்தோடு காக்கிறது. எந்த அலையாலும் கவிழ்க்க முடியாத படகைக் கட்டுவது மனிதரால் ஆகாது. ஆகவே மீட்புப் படகு கட்டுகிறவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: கவிழ்ந்த நிலையில் இந்தப் படகை நிற்கவிடாமல் செய்வது எப்படி?

இந்தக் கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை கண்டவர்களில் ஒருவர், கப்பல் கட்டும் தொழிலில் இல்லாதவர். 1789-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் அட்வென்சர் என்னும் கப்பல் தரைதட்டி, கரையில் நின்ற கூட்டத்தின் கண்ணெதிரே அதன் மாலுமிகள் மாண்டார்கள். அதன்பின் சவுத் ஷீல்ட்ஸ் நகரத்தார் நல்ல மீட்புப் படகு வடிவம் ஒன்றுக்குப் பரிசு அறிவித்தார்கள். வில்லியம் வுட்ஹேவ் என்பவர், நீர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாளியில், உடைந்த மரக்கிண்ணத் துண்டு ஒன்று மிதப்பதைப் பார்த்தாராம். விளையாட்டாக அதைக் குப்புறத் திருப்பினார். அது புரண்டு நிமிர்ந்தது. மறுபடி திருப்பினார், மறுபடியும் நிமிர்ந்தது. இரு முனையும் தூக்கி, நடு தாழ்ந்த வடிவத்தில் ஒரு தகர மாதிரிப் படகை அவர் செய்து கொடுத்தார். குழுவினர் இரண்டு கினி (அக்கால இங்கிலாந்தின் பொற்காசு) பரிசில் ஒரு கினியை மட்டும் அவருக்குக் கொடுத்தார்கள். 1790-இல் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய படகோ தானே நிமிரும் வகையைச் சேர்ந்தது அன்று. 1851-இல் நடந்த இன்னொரு போட்டியில் ஜேம்ஸ் பீச்சிங் என்பவரின் தானே நிமிரும் படகு பரிசு பெறும் வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தக் கிண்ணத் துண்டின் பாடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மரக்கிண்ணத் துண்டுக்கு நாம் எங்கே போவது என்று கேட்க வேண்டாம். அடுத்த முறை தேங்காய் உரிக்கும்போது, இரு முனையும் கூராக உள்ள காய்ந்த மட்டை ஒன்றை எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் குழி கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து விடுங்கள். நடு முதுகு மேலே வளைந்து நிற்க, இரண்டு கூர் முனைகள் மட்டும் நீரைத் தொடும். அந்த முனைகளுக்கு அகலம் ஏது? அகலம் இல்லாத இடத்தில் மெட்டாசென்டர் தரையோடு தரையாகக் கிடக்கும்; எடையோ மேலே. மட்டை ஒரு கணம் தயங்கும், பிறகு ஏதோ ஒரு பக்கம் புரண்டு மல்லாந்துவிடும். எங்கள் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலான மட்டைகள் இப்படியே செய்தன. அடம்பிடித்தவை நார் நனைந்து ஊறிப்போனவை.

இதே தந்திரத்தை என் மாதிரிப் படகில் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நான் செய்தது பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. மீட்பு நிறுவனத்தின் ஷானன் வகைப் படகு. உண்மைப் படகின் நீளம் 13.6 மீட்டர், எடை 18 டன், வேகம் 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்). பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 85 சென்டிமீட்டர், அகலம் 28 சென்டிமீட்டர். எடை நீளத்தின் முப்படியாகக் குறைவதால் 18 டன்னை 4,096-ஆல் வகுக்க, 4.4 கிலோ வருகிறது. மேல்தளத்தின் மீது நிற்கும் மாலுமியறையை நான் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 8 உயரம் என்று செய்திருக்கிறேன். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 4.5 லிட்டர். அதாவது, படகு குப்புற விழுந்தால் அந்த அறை ஒன்றே முழு எடையையும் தாங்கிக்கொள்ளும். 28 சென்டிமீட்டர் அகலமான தளம் நீரைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும்.

இனி அந்தத் தலைகீழ் நிலையில் நடப்பதைக் கவனியுங்கள். நீரைத் தொடும் அகலம் 28 அன்று, 14. பாதிக்குப் பாதி, முப்படியில் எட்டில் ஒன்று. நீளமும் பாதிக்குக் குறைந்துவிட்டதால், நீர்மட்டப் பரப்பு தரும் பிடிப்பு ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மெட்டாசென்டர், மிதப்பு மையத்துக்கு மேல் 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. ஈர்ப்பு மையமோ, மோட்டாரும் பேட்டரியும் படகின் அடிவயிற்றில் இருப்பதால், இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, மிதப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்குகிறது. உலக்கையை விரல் நுனியில் நிறுத்துவது போன்ற நிலை அது. சிற்றலை ஒன்று தொட்டாலும் போதும். உருளத் தொடங்கிய படகு, வழியில் எந்தக் கோணத்திலும் நிற்க இடமின்றி நேராகும் வரை உருண்டே தீரும். நான் குட்டையில் அதைக் கவிழ்க்கும்போதெல்லாம் பார்க்க விரும்புவது அந்த முதல் அரை நொடியைத்தான்: அடிப்புறம் வானைப் பார்த்து அசையாமல் நிற்கும், எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பது போல் மெல்ல ஆடும், பிறகு நீர் சிதற ஒரே புரளலில் எழும்.

அந்த நேரத்தில் ரிமோட்டால் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் நீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடுவதால், ஆன்டெனா நீரில் முங்கியதும் ரிசீவர் செவிடாகி, ஸ்பீட் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். படகு எழுவது முழுக்க முழுக்க அதன் வடிவத்தின் வேலை.

மாதிரிப் படகு உண்மைப் படகைப் போலவே எழும் என்று எப்படி நம்புவது? எடையும் வடிவமும் அளவுக்கேற்பக் குறைந்திருந்தால், சாயும் கோணங்கள் மட்டும் குறைவதே இல்லை. 18 டன் படகு எந்தக் கோணத்தில் திரும்புமோ, 4.4 கிலோ படகும் அதே கோணத்தில் திரும்பும். மாறுவது காலம்: பதினாறின் வர்க்கமூலம் நான்கு என்பதால், மாதிரி நான்கு மடங்கு விரைவாக எழுகிறது, 25 நாட் வேகம் 6 நாட்டுக்குச் சற்று மேல் என்றாகிறது. இந்த விதியைக் கப்பல்களுக்கு நிலைநாட்டியவர் வில்லியம் ஃபிரவுட். பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து 2,000 பவுண்டு பெற்று, இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தம் வீட்டருகே 1872-இல் ஒரு நீண்ட நீர்த்தொட்டி கட்டி, அதில் மெழுகுப் படகுகளை இழுத்து அளந்தார். பெரியவர் ஒருவர் தொட்டியில் பொம்மைப் படகு விடுவதற்குப் பணம் ஒதுக்கிய அந்த அதிகாரிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெட்டியில் வரும் ரோபோ பாகங்களுக்கு நம் பள்ளிகளில் பணம் கிடைக்கிறது. பத்தடி நீளச் சிமெண்டுத் தொட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் என் படகு முதல் சோதனையில் எழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரி 900 கிராம். கம்பி எட்டவில்லை என்று அதை 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரத்துண்டின் மேல் வைத்திருந்தேன். அதனால் மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் உயர்ந்தது 6 மில்லிமீட்டர்தான். அது மட்டுமே குற்றவாளி அன்று. மாலுமியறையின் சன்னல் ஒன்றில் பசை சரியாக ஒட்டாமல், தலைகீழாக இருந்தபோது அறைக்குள் நீர் புகுந்துவிட்டது. தூக்கிக் கவிழ்த்து அளந்தபோது 300 மில்லிலிட்டர் இருந்தது. உண்மைப் படகில் அது 1.2 டன் நீருக்குச் சமம். நீர் புகுந்த அறை மிதக்க உதவாது. போதாக்குறைக்கு, உள்ளே சாயும் பக்கமெல்லாம் ஓடி எடையையும் அதே பக்கம் சேர்க்கும். சன்னலைச் சிலிக்கோன் இட்டு அடைத்தேன், பேட்டரியை இறக்கினேன், அடியில் தூண்டில் குண்டுகளைப் பரப்பி ரெசின் ஊற்றினேன். (ஈயம் என்றால் எங்கள் கிந்தாப் பகுதியில் வெள்ளீயந்தான் நினைவுக்கு வரும், தூண்டில் குண்டு காரீயம். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம், காரீயம் 11.3 கிராம். அடியெடைக்குப் பின்னதே ஏற்றது.)

இனி, தம்பியின் டக் போட். கிள்ளான் துறைமுகத்தில் பார்க்கலாம், டக் போட்டின் பின்தளம் நீருக்கு மிக அருகே தாழ்ந்திருக்கும். கயிறு தடையின்றிப் புரள்வதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். சாயும்போது தளத்தின் விளிம்பு நீருக்குள் போகும் வரைதான் அகலத்தின் உதவி கிடைக்கும். விளிம்பு முங்கிய பின் அந்த உதவி விரைவாகத் தேய்ந்துவிடும். 1870 செப்டம்பரில் பிஸ்கே விரிகுடாவுக்கு அப்பால் கவிழ்ந்த 'கேப்டன்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதே காரணத்தால் ஏறத்தாழ 480 பேரைக் காவு கொண்டது. தாழ்ந்த தளமுடைய அக்கப்பலின் நிமிரும் ஆற்றல் 21 பாகைச் சாய்விலேயே உச்சத்தை எட்டிவிட்டது. அதே புயலில் தப்பிய மொனார்க் கப்பலுக்கு அந்த உச்சம் 40 பாகையில் இருந்தது.

அதோடு கயிறு. இழுக்கப்படும் படகு காற்றில் விலகிக் கயிறு பக்கவாட்டில் வந்ததும், டக் போட் திரும்ப வழியில்லாமல் பக்கவாட்டிலேயே இழுத்துச் செல்லப்படும். மேலே கயிறு கட்டிய கொக்கி ஒரு பக்கம் இழுக்க, கீழே நீர் எதிர்ப்பக்கம் தடுக்க, இரண்டும் சேர்ந்து படகைப் புரட்டும். உண்மை டக் போட்டுகளையும் அவற்றின் மாலுமிகளையும் பலி வாங்கும் விபத்து இதுவே. தம்பி கயிற்றைக் கட்டியிருந்தது நீருக்கு மேல் 12 சென்டிமீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பியில். நீரின் தடை 4 சென்டிமீட்டர் ஆழத்தில் செயல்படுகிறது என்று கொண்டால், கயிற்றைக் கொக்கியில் கட்டி, அதை 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கினாலே புரட்டும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கொக்கியை முழுவதும் பின்கோடிக்குக் கொண்டுபோக வேண்டாம். அப்படிச் செய்தால் சுக்கான் திருப்பினாலும் படகு திரும்பாது. நடுவுக்குச் சற்றுப் பின்னே வைத்து, ஒரு சிறிய சர்வோவால் (ரிமோட்டுக்குக் கட்டுப்படும் சிறு மோட்டார்) கயிற்றை உடனே கழற்றிவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உண்மை டக் போட்டுகளின் கொக்கியும் அவசரத்தில் கழன்றுகொள்ளும்படியே செய்யப்படுகிறது.

குட்டை காவு கேட்கிறது என்றும், படகின் முன்முனையில் எலுமிச்சம்பழம் வைக்காததால்தான் படகு போயிற்று என்றும் ஒட்டுக்கடையில் பேசிக்கொண்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மேல்தளத்தில் வைக்காமல் அடியில் வையுங்கள், ஈர்ப்பு மையமாவது தாழும். ஆனால் ஈயக்குட்டையின் கரை ஆற்றங்கரை போல் சரிந்து இறங்குவதில்லை. இரண்டு எட்டு வைத்ததும் கால் எட்டாத பள்ளம், ஏறிவர நினைத்தால் கைக்கு அகப்படும் மணலும் சரியும். ஆள் விழுங்குவது அந்தப் பள்ளந்தான். ஆகையால் படகைத் தேடி நீரில் இறங்காதீர்கள். அதன் மோட்டாரிலும் தண்டிலும் இரும்பு இருக்கிறது; வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி எடுத்து வருகிறேன், கரையில் நின்றபடியே வீசிப் பார்ப்போம்.