வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘மெரிட்’ கடிதத்தில் நான் முதலில் தேடும் வரிகள்

மார்ச் பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். மேலே பல்கலைக்கழகச் சின்னம், முதல் சொல்லே வாழ்த்து, நடுவில் தடித்த எழுத்தில் ஒரு ‘மெரிட்’ உதவித்தொகை, அதாவது குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் மதிப்பெண் பார்த்துத் தரும் தொகை. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அனுப்புபவை. ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பெற்றோருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அந்தக் கடிதங்களை எழுதும் வேலையும் ஒரு காலத்தில் என்னுடையதாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். “மேடம், என் பெண்ணுக்கு அறுபதாயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு காசு தரவில்லை. இதை விடலாமா?” குரலில் இருந்த பெருமை நியாயமானது. கணக்குதான் வேறு மாதிரி இருந்தது.

எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன். அந்த வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 34,000 டாலர். அறுபதாயிரம் என்பது நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து; அதாவது ஆண்டுக்கு 15,000. ஆக, முதல் ஆண்டில் அவர்கள் கட்ட வேண்டியது 19,000. சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகை ஒரு காசும் இல்லாமல், கட்டணம் 12,000. இரண்டு இடத்திலும் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால், நான்காண்டு முடிவில் ‘அறுபதாயிரம் கொடுத்த’ இடத்தில் சுமார் 84,000 டாலரும், ‘ஒன்றும் கொடுக்காத’ இடத்தில் சுமார் 51,000 டாலரும் செலவாகியிருக்கும். தங்குமிடமும் சாப்பாடும் விமான டிக்கெட்டும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கில் பெற்றோர் கண்ணில் படாத ஒன்று உண்டு. கட்டணம் ஏறுகிறது, உதவித்தொகை ஏறுவதில்லை. 34,000 நான்காம் ஆண்டில் 38,000-ஐத் தாண்டும். 15,000 மட்டும் 15,000-ஆகவே நிற்கும். ஏற்றம் முழுவதும் பெற்றோர் தலையில் விழுவதால், பட்டியல் விலை 12 சதவீதம் ஏறும்போது அவர்கள் கட்டும் தொகை 19,000-இலிருந்து 23,000-ஐத் தாண்டிவிடும். அது 22 சதவீத ஏற்றம்.

தியாகராய நகரில் ஆடி மாதம் ஜவுளிக் கடைக்குப் போய்வந்த யாருக்கும் இது புதிதல்ல. தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் அம்மாக்கள், கல்லூரி விஷயத்தில் மட்டும் ஏனோ அந்தச் சாமர்த்தியத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ‘மெரிட்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே இருக்கும் மயக்கம் அப்படி. பொறியியல் கல்லூரியில் ‘மெரிட் சீட்’ வாங்கிய தலைமுறைக்கு அந்தச் சொல் வெறும் விலைக் குறைப்பாகக் காதில் விழுவதில்லை.

மாநில மக்களின் வரியில் நடக்கும் பல்கலைக்கழகம், அந்த மாநிலப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணமும் வெளியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கும் வாங்குகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தை வெட்டின. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவர்களைத் தேடிப் போயின. 15,000 டாலரைக் குறைத்துக் கொடுத்தாலும் உள்மாநில மாணவரைவிட அதிகம் கட்டும் ஒரு பிள்ளை, அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு வந்து பல்கலைக்கழகத்தின் சராசரியையும் உயர்த்தும் பிள்ளை, அவர்களுக்கு இரட்டை லாபம். இதில் மோசடி எதுவும் இல்லை. இருவருக்கும் பயன் தரும் பேரமாகவும் அமையலாம். ஆனால் பேரம் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

எல்லாப் பல்கலைக்கழகமும் இந்தப் பேரத்துக்கு வருவதில்லை. அலபாமா பல்கலைக்கழகம் மதிப்பெண் அட்டவணையைப் பகிரங்கமாகவே வெளியிட்டு வெளிமாநிலத்தவரை வரவேற்கிறது. அதன் இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்கள். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாசலில் கூட்டம் அலைமோதும்போது கடைக்காரர் எதற்கு விலையைக் குறைக்கப் போகிறார்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களிலும் இதே கதைதான். தரவரிசையில் மேலே போகப் போகத் தள்ளுபடி சுருங்கும் என்பது என் அனுபவக் கணக்கு. ஒரே பிள்ளைக்கு ஓரிடத்தில் பாதிக் கட்டணமும் இன்னோரிடத்தில் வெறும் வாழ்த்தும் கிடைப்பதற்கு அந்தப் பிள்ளையின் திறமை காரணமல்ல.

டாலரில் நிலையான தொகை தருவது ஒரு வகை என்றால், கட்டண வேறுபாட்டையே நீக்கிவிடுவது இன்னொரு வகை. பெற்றோருக்கு நல்லது பெரும்பாலும் இரண்டாவதுதான். டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் ஓர் அருமையான பிரிவு உண்டு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில், டெக்சாஸ் மாணவர்களும் போட்டியிட்ட ஓர் உதவித்தொகையில் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் பெற்ற வெளிமாநில மாணவர், உள்மாநிலக் கட்டணத்தையே செலுத்தலாம். வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மேற்படிப்புக்கு டெக்சாஸ் வரும் பிள்ளைகள் பலர் இதன் பலனை அனுபவிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் மொத்த மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகையைத் தரக் கூடாது என்ற உச்சவரம்பு இருப்பதால் போட்டி கடுமை. கடிதத்தில் ‘1,000 டாலர்’ என்று பார்த்து முகம் சுளித்து மூடிவைத்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். அதன் உண்மையான மதிப்பு அதைப் போலப் பல மடங்கு. மறுபக்கமும் உண்டு: அந்த ஆயிரத்தை இழந்தால் சலுகையும் சேர்ந்தே போய்விடும்.

மேற்கு மாநிலங்களில் டபிள்யூ.யூ.இ. (வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்) என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள மாநிலங்களின் மாணவர்கள், பங்கேற்கும் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. சதவீதக் கணக்கு என்பதால் கட்டணம் ஏறும்போது சலுகையும் கூடவே ஏறும். ஆனால் பல இடங்களில் இது தானாகக் கிடைப்பதில்லை. மதிப்பெண் பார்த்து, இடம் பார்த்துத்தான் தருகிறார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற பெரிய பெயர்கள் இதில் சேரவே இல்லை.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடம்: புதுப்பித்தல் நிபந்தனை. கடிதத்தில் இது இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். “ஒட்டுமொத்த ஜிபிஏ 3.0, முழுநேர மாணவராகத் தொடர்தல், அதிகபட்சம் எட்டு செமஸ்டர்” என்பது போல. ஜிபிஏ என்பது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. பள்ளியில் எப்போதும் ‘ஏ’ வாங்கிய பிள்ளைக்கு 3.0 எல்லாம் ஒரு தடையா என்று பெற்றோர் கேட்கிறார்கள். பொறியியலின் முதலாண்டில் இரண்டாம் கால்குலஸும் இயற்பியலும் ஒரே செமஸ்டரில் வரும்போது தெரியும். நான் அலுவலகத்தில் இருந்தபோது ஒவ்வொரு மே மாதமும் 2.9-களோடு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு பையன் 2.94. கோடையில் வீட்டருகே உள்ள சமுதாயக் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்து, ‘ஏ’ வாங்கிக்கொண்டு ஆகஸ்டில் சிரித்த முகத்தோடு வந்தான். அந்தப் பாடத்தின் கிரெடிட் மாறி வந்தது, மதிப்பெண் வரவில்லை. வெளிக் கல்லூரிப் பாடத்தின் மதிப்பெண்ணைத் தங்கள் ஜிபிஏவில் சேர்க்காத பல்கலைக்கழகங்களே அதிகம். அதே பாடத்தை எங்கள் பல்கலைக்கழகத்திலேயே கோடையில் படித்திருந்தால் தப்பித்திருப்பான். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அலுவலகத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து எனக்கொரு பழக்கம். புதுப்பித்தல் வரியைப் படித்தவுடன் சில கேள்விகள் கேட்பேன். ஜிபிஏவை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறார்களா, ஆண்டு இறுதியிலா? குறைந்தால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா? இழந்ததைத் திரும்பப் பெற வழி உண்டா, அல்லது போனது போனதுதானா? பொறியியல் துறை கொடுத்த தொகை, பிள்ளை பொருளாதாரத்துக்கு மாறினால் கூட வருமா? பள்ளியிலேயே சேர்த்த ஏ.பி. (கல்லூரி நிலைப் பாட) கிரெடிட்டுகளால் மூன்றே ஆண்டில் படிப்பை முடித்தால் மிச்சம் இரண்டு செமஸ்டர் பணம் என்னவாகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்பதுதான். அப்படியானால் ‘அறுபதாயிரம்’ என்று பாராட்டிய தொகை அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தைந்தாயிரம்தான். சீக்கிரம் முடிப்பது லாபமே, ஆனால் ஒப்பிடும்போது சரியான எண்ணைப் போட வேண்டும்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும். இங்கேயே மழலையர் பள்ளி தொடங்கிப் படித்த பிள்ளையும், விசா கணக்கில் வெளிநாட்டவரே. 21 வயது நிறைந்தால் பெற்றோரின் விசாவோடு ஒட்டியிருக்க முடியாது. பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அது கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டில் வந்து நிற்கும். பெற்றோர் அந்த மாநிலத்தில் வசிப்பதால் உள்மாநிலக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் தகுதி அப்போது என்னவாகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேரும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி எச்-4 பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளி மாணவர்களுக்கான நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டிக்கும் முன்பு குடியுரிமையோ கிரீன் கார்டோ அதற்கான விண்ணப்பமோ வேண்டியிருந்தது; இப்போது அமெரிக்காவிலேயே உயர்நிலைப் பள்ளி படிப்பவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை.  பல்கலைக்கழகம் தன் பணத்தில் தரும் மெரிட் தொகைகளில் பலவற்றுக்கும் குடியுரிமை நிபந்தனை கிடையாது. நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு பெரும்பாலும் இதுதான் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

“அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டால் உள்மாநிலக் கட்டணம் கிடைத்துவிடும்” என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிமாநிலத்தவராகச் சேர்ந்தவரைப் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவராகவே வைத்திருந்த கனெக்டிகட் மாநில விதியை ரத்து செய்தது உண்மை. அதே தீர்ப்பு, உண்மையாகக் குடியேறியவரா என்று மாநிலம் சோதித்துப் பார்க்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருக்க, பிள்ளை விடுதியில் இருப்பது பெரும்பாலான மாநிலங்களில் குடியேற்றமாகாது. மாமாவின் பேச்சை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு கண்ணி. அரசு தளங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் காட்டப்படும் ‘சராசரி நிகர விலை’ உள்மாநிலக் கட்டணம் செலுத்தும் மாணவர்களை வைத்துப் போட்டது. வெளிமாநிலக் குடும்பத்துக்கு அது உதவாது. அதைவிடப் பயனுள்ளது, பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட். அதில் எச்2ஏ என்ற பகுதியைப் பாருங்கள். நிதித் தேவை இல்லாத எத்தனை மாணவர்களுக்கு மெரிட் தொகை கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தின் தாராளம் எவ்வளவு என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். வரி பற்றி ஒரு வரி மட்டும்: கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் உதவித்தொகைக்கு வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும்.

அந்தத் தாய் விஷயத்துக்கு வருகிறேன். பெண் அந்த வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தையே விரும்பினாள். அங்கிருந்த ஆய்வகம் ஒன்று அவளை ஈர்த்திருந்தது. வெறும் பணத்துக்காக அதை மறுக்க நான் சொல்லவில்லை. மே 1-ஆம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய பிறகு நம் பேச்சுக்கு வலு குறைந்துவிடும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே, வேறொரு பல்கலைக்கழகம் தந்த சலுகைக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை கேட்டுப் பெண்ணே ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அப்பா எழுதினால் வேறு தொனி வந்துவிடும். புதுப்பித்தல் கேள்விகளையும் அதே மின்னஞ்சலில் கேட்டாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதல். ஜிபிஏ குறைந்தால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டு. துறை மாறினாலும் தொகை தொடரும். தாய் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் முன்பணம் கட்டினார்.