பென்சில் முகம் எப்படிச் சிரிக்கிறது?

நெப்போலியனின் ஆட்சி 1815இல் சரிந்ததும், ரோமில் இருந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ருக்கு வருமானம் படுத்துவிட்டது. பிழைப்புக்காக அங்கே வந்த சுற்றுலாப் பயணிகளைப் பென்சிலில் வரைந்து கொடுத்தார். அவர் வரைந்த பெண்களின் உருவப்படங்களில் முகத்துக்கு மட்டும் நுணுக்கமான ஷேடிங் இருக்கும். பாவாடைக்குச் சில கோடுகள்தான். ஆனாலும் படம் பாதியில் நிற்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

பென்சிலுக்குள் இருப்பது ஈயமில்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். இந்தக் கலவைக்கு 1795இல் காப்புரிமை பெற்றவர் நிக்கோலா கோன்டே. களிமண் கூடினால் கோடு வெளிறும், குறைந்தால் கருக்கும். கிராஃபைட்டின் கார்பன் அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி எளிதில் வழுக்கிப் பிரிந்து, காகிதத்தின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தித் தேய்த்தால் அவை தட்டையாகி மினுங்கும். அதனால் எவ்வளவு தேய்த்தாலும் சுத்தக் கறுப்பு கிடைக்காது. வரைந்த கூந்தலைச் சாய்வாகப் பார்த்தால் சாம்பல் நிறமாகப் பளபளக்கும்.

அப்படியிருந்தும் அதைக் கருங்கூந்தலாகவே ஏற்றுக்கொள்கிறோம். காரணம், விழித்திரை வெளிச்சத்தைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. கருவிழியில் தெரியும் ஒளிப்பொட்டு ஓவியர் தொடாமல் விட்ட காகிதம்தான். காகிதத்தின் ஓரத்து வெள்ளையும் அதுவும் ஒன்றே. ஆனால் சுற்றிலும் இருட்டு இருப்பதால் ஈரக்கண் மின்னுகிறது!

நிஜ முகத்தைச் சுற்றிக் கோடு ஏது? மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியில் விளிம்புகளுக்கென்றே துடிக்கும் செல்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த நரம்பியலாளர்கள் ஹியூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கோடு அந்தச் செல்களைத் தூண்டிவிட்டால் போதும், பாவாடை தயார்.

முகபாவத்துக்கு அது போதாது. அசல் சிரிப்பில் உதட்டோரம் மேலே போவதோடு, கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கி, கன்னம் உயர்ந்து, கீழ் இமை லேசாகப் புடைக்கும். இதை வரைய மென்மையான நிழல்தான் வேண்டும். புதிதாக வரைபவர்கள் இங்கேதான் அழுத்தமாகக் கோடு போட்டுவிடுகிறார்கள், சிரிப்பு உறைந்துபோகிறது.

அப்புறம், நாம் படத்தில் பெரும்பாலும் கண்களைத்தான் பார்க்கிறோம். அப்போது உதட்டோரம் ஓரப்பார்வையில் விழுகிறது. ஓரப்பார்வைக்கு நுணுக்கம் எட்டாது, மங்கலான நிழல்கள் மட்டுமே எட்டும். உதட்டோரத்தில் விரலால் தேய்த்த நிழல் அங்கே மேலும் பரவி, சிரிப்பைப் பெரிதாக்கிக் காட்டும். உதட்டை நேராகப் பார்த்தால் சிரிப்பு குறைந்துவிடும். மோனா லிசாவின் புன்னகைக்கு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் தந்த விளக்கமும் இதுதான்.