கோப்பு இருக்கிறது, லினக்ஸ் இல்லை என்கிறது

2022 ஏப்ரலில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பு வந்தது. அதற்கு மாறிய பலருக்கு, அதுவரை ஒழுங்காக ஓடிய ஏதாவது ஒரு மென்பொருள் திறக்கவே மறுத்தது. டெர்மினலில் வந்த செய்தி இதுதான்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை. லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்கோப்பு. தேடிப் பார்த்தால் அது கணினியில் இருக்கும், ஆனால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 என்ற பெயரில். கடைசியில் உள்ள அந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துவிட்டால், இந்த வகைச் சிக்கல்களில் பாதி கையில் வந்துவிடும்.

ஒரு புரோகிராமை ஓடச் சொன்னதும் லினக்ஸின் மையமான கெர்னல் அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. எந்த லோடரை (தேவையான லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் நிரலை) அழைக்க வேண்டும் என்ற முழுப் பாதையும் அங்கேயே எழுதியிருக்கும். கெர்னல் அந்த லோடரை ஏற்றிப் பொறுப்பை ஒப்படைத்துவிடும். பிறகு தேடுவதெல்லாம் லோடரின் வேலை. புரோகிராமுக்குள் 'எனக்கு இவை தேவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் வெறும் பெயர்கள்தான் இருக்கும், அவை எங்கே கிடைக்கும் என்று பெரும்பாலும் இருக்காது. லோடர் ஒவ்வொரு பெயரையும் தேடி எடுத்து, அந்த லைப்ரரிக்கு வேறு எவை தேவை என்றும் பார்த்து, எல்லாவற்றையும் நினைவகத்தில் பொருத்துகிறது. ஒன்று கிடைக்காவிட்டாலும் புரோகிராமின் முதல் வரிகூட ஓடாது.

இத்தனை தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிவிடலாமே என்று தோன்றலாம். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது இதற்கு விடை கிடைத்தது. லைப்ரரியைப் பகிர்ந்துகொண்ட கணினிகளில் ஒரே ஒரு பேக்கேஜைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கினால் போதும், அதை நம்பியிருந்த எல்லா மென்பொருளும் சரியாகிவிடும். தனக்குள்ளேயே ஒரு பிரதியைக் கட்டி வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

லோடர் தேடும் வரிசை நிலையானது. எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் (புரோகிராமை ஓட்டும்போது அதோடு சேர்த்துத் தரும் அமைப்பில்) நாம் தந்த அடைவுகள் முதலில். அடுத்து, புரோகிராமுக்குள்ளேயே ரன்பாத் என்று பதிந்திருக்கும் பாதை. (பழைய ஆர்பாத் மட்டும் பதிந்திருந்தால் அது எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும்.) பிறகு லைப்ரரிகள் இருக்கும் இடங்களைக் குறித்து வைத்திருக்கும் எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற அட்டவணை, கடைசியில் வழக்கமான லிப் அடைவுகள். புரோகிராம் இருக்கும் அதே அடைவை லோடர் தானாகப் பார்ப்பதில்லை. விண்டோஸில் பழகியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அந்த அட்டவணையும் தானாகப் புதுப்பிக்கப்படாது. மூலநிரலிலிருந்து ஒரு லைப்ரரியைத் தொகுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் நிறுவிவிட்டு, அட்டவணையைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டாமல் விட்டால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் லோடர் இல்லை என்றே சொல்லும். ஃபெடோரா போன்றவற்றில் அந்த அடைவை எல்டி.எஸ்ஓ.கான்ஃப் அமைப்பிலும் நாமே சேர்க்க வேண்டும்.

எது காணவில்லை என்று பார்க்க எல்டிடி கட்டளை போதும், கிடைக்காதவற்றுக்கு எதிரே கிடைக்கவில்லை என்று காட்டும். அதில் லினக்ஸ்-விடிஎஸ்ஓ என்றொரு பெயர் பாதையே இல்லாமல் வரும். அது கெர்னலே நினைவகத்தில் தருவது, வட்டில் தேட வேண்டாம். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பின் மீது எல்டிடியை ஓட்டாதீர்கள், சில நேரங்களில் அது அந்தப் புரோகிராமையே இயக்கிவிடக்கூடும். ரீட்எல்ஃப் கட்டளை எதையும் இயக்காமல் தேவைப் பட்டியலைப் படித்துக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது எல்டி_டீபக் மாறி. அதற்கு 'லிப்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால், லோடர் எந்தெந்தக் கதவைத் தட்டியது என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஊகிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற முழுப் பெயரும் சோநேம் எனப்படும். பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு லைப்ரரி மாறும்போதுதான் அதை எழுதியவர்கள் இந்த எண்ணை மாற்றுகிறார்கள். எண் மாறியிருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அவர்களே அறிவிப்பதாகப் பொருள். இது தெரியாமல், புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிடுங்கள் என்று இணையம் முழுக்க அறிவுரை கிடக்கிறது. இது அப்பட்டமான ஆள் மாறாட்டம். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் நல்லவேளையாக ஒவ்வொரு செயல்கூற்றுக்கும் பதிப்பு முத்திரை உண்டு, லோடர் உடனே பிடித்து நிறுத்திவிடும். முத்திரை இல்லாத லைப்ரரிகளில் புரோகிராம் ஓடத் தொடங்கி, தரவின் அமைப்பு மாறிய இடத்தில் தவறான எண்களைப் படித்து, சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கலாம். அதைவிட ஓடாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

சரியான வழி அவ்வளவு கடினமும் இல்லை. டெபியன், உபுண்டுவில் ஏபிடி-ஃபைல், ஃபெடோராவில் டிஎன்எஃப் பிரொவைட்ஸ் இரண்டும் அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லிவிடும். அங்கே இல்லையென்றால் மென்பொருளின் புதிய வெளியீட்டைத் தேடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால், அந்தப் பழைய லைப்ரரியை எங்கிருந்தோ இறக்கிக் கணினி முழுவதற்கும் நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியே இல்லாவிட்டால் தனி அடைவில் வைத்து, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் எல்டி_லைப்ரரி_பாத் கொடுத்து ஓட்டலாம். அந்த மாறியை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டால் சம்பந்தமில்லாத மென்பொருளெல்லாம் அந்தப் பழைய லைப்ரரியை எடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

சில நேரம் இல்லை என்று சொல்லப்படுவது புரோகிராமின் பெயராகவே இருக்கும். எல்எஸ் போட்டால் கோப்பு அங்கேயே இருக்கும், இயக்கும் அனுமதியும் இருக்கும். உண்மையில் காணாமல் போனது லோடர். 64 பிட் கணினியில் 32 பிட் புரோகிராமை ஓட்டும்போதும், பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படை லைப்ரரியான கிளிப்சிக்காகத் தொகுத்ததை, அதற்குப் பதில் மசில் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸின் கன்டெய்னரில் (தனித்து ஒதுக்கிய சூழலில்) ஓட்டும்போதும் இப்படி நடக்கும். ஃபைல் கட்டளை, அந்தப் புரோகிராம் எந்த லோடரை எதிர்பார்க்கிறது என்று ஒரே வரியில் காட்டிவிடும்.

கிளிப்சி 2.34 இல்லை என்று செய்தி வந்தால் விஷயம் வேறு. புதிய டிஸ்ட்ரோவில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையின் புதிய பதிப்பில்) தொகுத்த புரோகிராமைப் பழைய டிஸ்ட்ரோவில் ஓட்டப் பார்க்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போது அழைக்கும் செயல்கூற்றுக்கே புதிய முத்திரை விழுந்தது. அதனால் இரண்டு வரி நிரல்கூட இந்தப் பிழையில் மாட்டும். பழைய டிஸ்ட்ரோவிலோ அதன் கன்டெய்னரிலோ மறுபடி தொகுப்பது சரியான தீர்வு. மூலநிரல் கையில் இல்லாவிட்டால் புதிய டிஸ்ட்ரோவின் கன்டெய்னருக்குள் ஓட்டுங்கள். கிளிப்சியின் முக்கியமான லிப்சி கோப்பை மட்டும் வேறொரு கணினியிலிருந்து கொண்டுவந்து மாற்றி வைக்க வேண்டாம். எல்எஸ், சிபி, சூடோ எல்லாம் அதே கோப்பை நம்பியிருப்பதால் அடுத்த கணமே ஒன்றும் ஓடாது. அப்படி ஏற்கனவே நடந்துவிட்டிருந்தால் திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். அது முழு நிர்வாக அனுமதியுள்ள ரூட் ஷெல்லாக இருந்து, ஸ்டாட்டிக்காக (எல்லாவற்றையும் தனக்குள்ளேயே கட்டி) தொகுத்த பிஸிபாக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பும் கணினியில் இருந்தால், அதற்கு எந்த லைப்ரரியும் தேவையில்லை என்பதால் அதைக் கொண்டே பழைய கோப்பைத் திரும்ப வைத்துவிடலாம். இல்லாவிட்டால் யூஎஸ்பியிலிருந்து லைவ் லினக்ஸில் பூட் செய்துதான் சரிசெய்ய வேண்டும்.