வட இத்தாலிக்கு ஃப்ரெண்ட்ஸோட ட்ரெயின்ல போறீங்களா? எந்த டிக்கெட்டுக்கு என்ன உரிமைன்னு பாத்துட்டு புக் பண்ணுங்க

நாலு பேர் சேர்ந்து மிலான், வெரோனா, வெனிஸ், டூரின்னு நாலஞ்சு நாள் சுத்தலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல பேச ஆரம்பிச்சா முக்கால்வாசி நேரம் ரூம் எங்க போடறது, எந்த ஊர்ல எத்தனை நாள்னே போயிடும். டிக்கெட்ட பத்தி யாரும் யோசிக்க மாட்டாங்க, கடைசியில எவனாவது ஒருத்தன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு எது சீப்போ அத தட்டி விட்டுட்டு ஸ்க்ரீன்ஷாட் போடுவான். அந்த ஒருத்தன் போன வருஷம் நான்தான். அதனால வாங்கின அடிய வெச்சு சொல்றேன், விலை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த டிக்கெட்டோட என்ன உரிமை ஒட்டிக்கிட்டு வருதுங்கறது.

இதுக்கு ஐரோப்பிய யூனியன்ல ஒரு சட்டம் இருக்கு, 2021/782ன்னு நம்பர், 2023 ஜூன் 7லேர்ந்து அமல்ல இருக்கு. நீங்க எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்க, படிக்க வந்தவரா சுத்திப்பாக்க வந்தவராங்கறதெல்லாம் இதுல கணக்கே இல்ல, டிக்கெட் இருந்தா போதும்.

முதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, ட்ரெயின் லேட்டானா காசு வருமா. வரும். போய் சேர வேண்டிய ஸ்டேஷனுக்கு 60 நிமிஷத்துலேர்ந்து 119 நிமிஷம் வரைக்கும் லேட்னா டிக்கெட் விலையில 25 சதவீதம், 120 நிமிஷமோ அதுக்கு மேலயோ போச்சுன்னா 50 சதவீதம். மிலான்லேர்ந்து வெனிஸுக்கு ஆளுக்கு 30 யூரோன்னு வாங்கிருக்கீங்கன்னு வைங்க, ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம் லேட்னா ஆளுக்கு 7.50, நாலு பேருக்கு 30 யூரோ, அதாவது ஒருத்தரோட டிக்கெட்டே திரும்பி வந்த மாதிரி. ஆனா இதுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. 4 யூரோ வரைக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வெச்சுக்கிட்டு அதுக்கு கீழ வர்ற தொகைய தராம விடலாம்னு கம்பெனிகளுக்கு சட்டமே அனுமதி குடுத்திருக்கு. அப்போ 10 யூரோ டிக்கெட்ல ஒரு மணி நேர லேட்டுக்கு 2.50 தானே வருது, அது கைக்கு வராமலே போகலாம். ரெண்டு மணி நேரம் லேட்டானாதான் 5 யூரோ.

வவுச்சரா வேணுமா பணமா வேணுமாங்கறது உங்க இஷ்டம். அவங்க வவுச்சர்தான் முதல்ல நீட்டுவாங்க, அடுத்த வருஷம் மறுபடி இத்தாலி போறவனுக்கு அது சரி, நமக்கு எதுக்கு? பணமா குடுன்னு கேட்டா குடுத்தே ஆகணும், கேட்ட ஒரு மாசத்துக்குள்ள. நீங்க மூணு மாசத்துக்குள்ள கேக்கணும், அத மறந்துடாதீங்க. ஒருத்தரே நாலு பேருக்கும் சேத்து வாங்கியிருந்தா அவரே கேக்கட்டும், புக்கிங் நம்பரும் மெயிலும் அவர்கிட்டதான இருக்கும்.

வெள்ளம், புயல், யாரோ தண்டவாளத்துல வந்துட்டாங்கன்னு ரயில்வே கையில இல்லாத காரணம்னா இந்த நஷ்டஈடு கிடையாது. ஆனா அவங்க சொந்த ஊழியர்களோட ஸ்ட்ரைக்க அந்த லிஸ்ட்ல சேத்து தப்பிக்க முடியாது, சட்டத்துலயே எழுதியிருக்கு. லேட்டுன்னு முன்னாடியே சொல்லி, தெரிஞ்சே நீங்க டிக்கெட் வாங்கினா மட்டும் கேக்க முடியாது.

இப்ப என் கதைக்கு வர்றேன். வெனிஸ்லேர்ந்து மிலான், மிலான்லேர்ந்து டூரின். முதல் பாதி ஒரு கம்பெனி, ரெண்டாவது பாதி இன்னொரு கம்பெனி, ஏன்னா அப்படி வாங்கினா ஆளுக்கு ஆறு யூரோ கம்மி. நடுவுல மிலான்ல 35 நிமிஷம் இருக்கு, தாராளம்னு நெனச்சேன். முதல் ட்ரெயின் 50 நிமிஷம் லேட். மிலான் சென்ட்ரல்ல இறங்கி பாத்தா போர்டுல எங்க டூரின் ட்ரெயின் பேரே இல்ல, போயிடுச்சு. ரெண்டாவது டிக்கெட் மாத்தவே முடியாத சீப் டிக்கெட், அது காலி. முதல் கம்பெனிகிட்ட கேக்கலாம்னா 50 நிமிஷம்தான் லேட், 60 ஆகல, அதனால அங்கயும் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது கம்பெனிய பொறுத்தவரைக்கும் அவங்க ட்ரெயின் டைமுக்கு கிளம்பிச்சு, நாங்கதான் வரல. நாலு பேரும் அன்னைக்கு விலைக்கு புதுசா டிக்கெட் எடுத்தோம், டூரின் வர்ற வரைக்கும் என்கிட்ட யாரும் சரியா பேசல.

இதே ரெண்டு ட்ரெயினையும் ஒரே கம்பெனிகிட்ட ஒரே தடவையில காசு கட்டி வாங்கியிருந்தா சட்டம் அத ஒரே பயணமா பாக்கும். அதுக்கு த்ரூ டிக்கெட்னு பேரு. அப்ப முதல் ட்ரெயின் லேட்டாகி ரெண்டாவத விட்டா அது அவங்க பொறுப்பு, அடுத்த ட்ரெயின்ல ஏத்தி விடணும், எவ்வளவு லேட்டுங்கறத டூரின் போய் சேர்ற நேரத்த வெச்சுதான் கணக்கு போடணும், அப்ப எங்க 50 நிமிஷம் ஒரு மணி நேரத்த தாண்டியிருக்கும். ஆறு யூரோ மிச்சம் பிடிச்ச லட்சணம் இதுதான். டிக்கெட் விக்கற ஆப் எதுவாவது தானே ரெண்டு மூணு டிக்கெட்ட கோர்த்து ஒரே பில்லா வித்துட்டு, இதெல்லாம் தனித்தனி ஒப்பந்தம்னு முன்கூட்டியே சொல்லாம விட்டு, நீங்க நடுவுல ட்ரெயின விட்டா, கட்டின மொத்த காசையும் திருப்பி தந்து அதுக்கு மேல 75 சதவீதம் நஷ்டஈடும் தரணும். அதனாலதான் அந்த ஆப்ஸ்ல எல்லாம் தனித்தனி ஒப்பந்தம்னு ஒரு வரி குட்டி எழுத்துல இருக்கும். காசு கட்டறதுக்கு முன்னாடி அந்த வரிய தேடி படிங்க.

ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டாகும்னு தெரிஞ்சாலே உங்களுக்கு ஒரு சாய்ஸ் வந்துடும், காசை வாங்கிட்டு பயணத்த விட்டுடலாம், இல்ல சீக்கிரமா கிடைக்கிற வேற வழியில போகலாம், இல்ல உங்களுக்கு தோதான இன்னொரு நாளுக்கு மாத்திக்கலாம். கிளம்ப வேண்டிய நேரத்துலேர்ந்து 100 நிமிஷத்துக்குள்ள மாற்று வழி என்னன்னு அவங்க சொல்லலன்னா நீங்களே வேற ட்ரெயினோ பஸ்ஸோ பிடிச்சு போயிட்டு நியாயமான செலவ கேட்டு வாங்கலாம். பஸ்ஸுன்னுதான் சொல்லியிருக்கு, டாக்ஸின்னு இல்ல, பாத்துக்கோங்க. காத்திருக்கிற நேரத்துல சாப்பாடு தண்ணி, ராத்திரி தங்க வேண்டி வந்தா ஹோட்டல், இதுவும் உண்டு. யாரும் கூப்பிட்டு தர மாட்டாங்க, கவுன்டர்ல போய் நிக்கணும்.

இதெல்லாம் பெரும்பாலும் ஃபாஸ்ட் ட்ரெயின் கதை. வட இத்தாலியில ரீஜினல் ட்ரெயின், அதாவது பக்கத்து ஊர்களுக்கு நின்னு நின்னு போற ட்ரெயின், தனி உலகம். விலை தூரத்த பொறுத்தது, முன்னாடி வாங்கினாலும் அன்னைக்கு வாங்கினாலும் ஒரே விலை, அதனால அவசரப்பட்டு மாசக்கணக்கா முன்னாடி வாங்க தேவையே இல்ல. பேப்பர் டிக்கெட்னா ஏறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம் கிட்ட இருக்கிற மெஷின்ல நுழைச்சு முத்திரை குத்தணும், குத்தினதுலேர்ந்து 4 மணி நேரம் செல்லும். ஆன்லைன் டிக்கெட்னா ஏறதுக்கு முன்னாடி செக்-இன் பண்ணணும், நாலு டிக்கெட்டுக்கும் ஆயிடுச்சான்னு ஒவ்வொண்ணா பாருங்க. வெரோனாவுல நாங்க பேப்பர் டிக்கெட் வாங்கினோம், மூணு பேர் மெஷின்ல விட்டோம், க்ர்ர்னு சத்தம் வந்து ஓரத்துல தேதி, மணி, ஸ்டேஷன் பேர் எல்லாம் மங்கலா அச்சாகி வெளிய வந்துச்சு. நாலாமவன் டிக்கெட்ட புக்குக்குள்ள செருகி வெச்சுட்டு மறந்துட்டான். விசென்சா தாண்டி கண்டக்டர் அம்மா வந்து நாலையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்து, அந்த ஒண்ண மட்டும் தனியா எடுத்து வெச்சாங்க. காசு குடுத்துதான வாங்கினோம்னு சொன்னா எடுபடாது, முத்திரை இல்லாத டிக்கெட்ட வெச்சு நாளைக்கும் போகலாமே, அதான் அவங்க கணக்கு. அபராதம் கட்டினோம். மெஷின் வேலை செய்யலன்னா ஏறின உடனே நீங்களா போய் கண்டக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

ஸ்ட்ரைக்க பத்தி சொல்லாம இத்தாலி ட்ரெயின பத்தி பேச முடியாது. போர்டுல ஷோப்பெரோன்னு பாத்தா அது ஸ்ட்ரைக், ரித்தார்தோன்னா லேட், கான்செல்லாத்தோன்னா ரத்து, இந்த மூணு வார்த்தை தெரிஞ்சா போதும். அங்க ஸ்ட்ரைக்குக்கும் சட்டம் இருக்கு, 1990லேர்ந்து, 146வது சட்டம். முன்னாடியே அறிவிக்கணும், முழுசா நிறுத்தவும் கூடாது. வேலை நாள்ல காலைல 6லேர்ந்து 9, சாயங்காலம் 6லேர்ந்து 9, இந்த ரெண்டு நேரத்துல ரீஜினல் ட்ரெயின்ல குறிப்பிட்டத ஓட்டியே ஆகணும், தூரத்து ட்ரெயினுக்கும் கட்டாயம் ஓடற லிஸ்ட் ஒண்ணு போடுவாங்க. ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல அந்த ரெண்டு நேர பாதுகாப்பு கிடையாது. ஸ்ட்ரைக் தொடங்கும்போது ஓடிட்டிருக்கிற ட்ரெயின் ஒரு மணி நேரத்துக்குள்ள கடைசி ஸ்டேஷன் போயிடும்னா போய் சேரும், இல்லன்னா வழியில நிறுத்தலாம். ஊருக்கு திரும்ப ஃப்ளைட் பிடிக்கிற நாள்ல ஸ்ட்ரைக்னு தெரிஞ்சா காலைல ஆறரை மணி ட்ரெயின்ல போயிடுங்க, ஏர்போர்ட்ல தூங்கிக்கலாம்.

வெனிஸுக்கு மட்டும் ரெண்டு விஷயம். மெஸ்ட்ரே ஸ்டேஷன் நிலத்துல இருக்கு, நீங்க பாக்க வந்த வெனிஸ் கடல் பாலம் தாண்டி சாந்த்தா லூச்சியா ஸ்டேஷன்ல, பத்து நிமிஷம்தான், ஆனா மெஸ்ட்ரே வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு அப்படியே உக்காந்து போனா அந்த பத்து நிமிஷத்துக்கு நீங்க டிக்கெட் இல்லாத ஆள். அப்புறம் நுழைவு கட்டணம், 2024 ஏப்ரல் 25ல ஆரம்பிச்சது, எல்லா நாளும் கிடையாது, அறிவிச்ச நாள்ல மட்டும் காலைல 8.30லேர்ந்து சாயங்காலம் 4 வரைக்கும், பகல்ல வந்துட்டு போறவங்களுக்கு. 2025ல நாலு நாள் முன்னாடி கட்டினா 5 யூரோ, கடைசி நேரத்துல 10. ராத்திரி வெனிஸ்லயோ மெஸ்ட்ரேலயோ தங்கறவங்க கட்ட வேண்டாம், ஆனா நாங்க தங்கறோம்னு பதிவு பண்ணி க்யூ-ஆர் கோட் வெச்சுக்கணும். நாலு மணிக்கு மேல போனா கட்டணமே இல்ல, வெயிலும் குறைஞ்சிருக்கும்.

நஷ்டஈடு கேட்டு பதில் வரலன்னாலோ சப்பக்கட்டு கட்டினாலோ, இத்தாலியில போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு, டூரின்லதான் தலைமை ஆபீஸ், அங்க புகார் போடலாம். முதல்ல கம்பெனிகிட்ட கேட்டிருக்கணும், அந்த மெயிலும் டிக்கெட்டும் பத்திரமா இருக்கணும். முடிஞ்சா போர்டுல ரித்தார்தோ 65ன்னு வந்தப்போவே ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.