கண்டிப்பு குறைந்ததா, கண்டிக்க ஆள் குறைந்ததா?

குழந்தையின் பிடிவாதத்துக்காக என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் மூன்று தலைமுறையினரும் சேர்ந்து உட்காரும்போது, பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. ‘எங்கள் காலத்தில் அப்பா ஒரு பார்வை பார்த்தாலே போதும்’ என்று தாத்தா தொடங்குகிறார். பெற்றோர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் சற்று நேரத்தில் வந்துவிடுகிறது. கண்டிப்பு போனதால்தான் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்ற இந்த முடிவில் பாதிதான் உண்மை இருக்கிறது. தலைமுறைகளுக்கு இடையில் உண்மையிலேயே பெரிதாக மாறியிருப்பது, ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்கும் உரிமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களின் எண்ணிக்கை.

‘உங்களைச் சிறு வயதில் யார் யார் கண்டித்தார்கள்?’ என்று அதே தாத்தாக்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். பட்டியலில் அப்பா ஒருவர் மட்டும் இருப்பதில்லை. மூத்த அக்கா, பெரியப்பா, எதிர்வீட்டுப் பாட்டி, வாத்தியார் என்று அது நீள்கிறது. கல்லெறிந்தபோது கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்த அயல்வீட்டுக்காரரைப் பற்றி ஒருவர் சொன்னார். ‘என் பிள்ளையைக் கேட்க நீ யார்?’ என்று அவர் வீட்டில் யாரும் கேட்கவில்லை. காரணம், அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டதும் அதே அயல்வீடுதான். பார்த்துக்கொண்டவருக்குக் கண்டிக்கும் உரிமையும் இருந்தது.

அந்தக் காலத்தை அப்படியே போற்றவும் என்னால் முடியாது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையின் மறைவில் பிள்ளைகள் பட்ட அடிகளும் அவமானங்களும், யாரிடமும் சொல்ல முடியாத வேறு கொடுமைகளும் உண்டு. அவற்றை அறுபது வயதில் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லி அழுதவர்களை இதே அறையில் பார்த்திருக்கிறேன். அடிப்பதை வீட்டிலும் தடைசெய்த முதல் நாடாக 1979-இல் ஸ்வீடன் ஆனது. ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தை வன்முறையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்கிறது. சுமார் 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு 2016-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அடி வாங்கும் குழந்தைகள் அதனால் கூடுதலாகக் கீழ்ப்படிவதாகத் தெரியவில்லை என்றும், அவர்களிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்றும் காட்டியது. ஆகவே பிரம்பு திரும்பி வர வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. ‘நான் பட்டது என் பிள்ளை படக்கூடாது’ என்று உறுதியெடுத்த பெற்றோர், அடியைக் கைவிட்ட இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. கைப்பேசியை அணைக்கச் சொல்லும் மாலை நேரத்தை அவர்கள் விவரிக்கும்போது கவனித்துக் கேட்பேன். முதலில் கெஞ்சல், பிறகு ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்ற பேரம், அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகிறது, பிறகு ஏதாவது வாங்கித் தருவதாக ஆசை காட்டுதல், கடைசியில் கத்தல், சில நேரம் அடியும், அதன்பின் குற்றவுணர்வில் மீண்டும் அதே கைப்பேசி பிள்ளையின் கைக்குப் போகிறது. எத்தனை முறை மறுத்தால் அம்மா விட்டுக்கொடுப்பார் என்பதைத்தான் பிள்ளை இதில் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலேயே அதிகார வளர்ப்பு, கட்டற்ற வளர்ப்பு இரண்டிலிருந்தும் வேறான ஒரு முறையை எடுத்துக்காட்டினார்: விதி உறுதியாக இருக்கும், அதற்கான காரணம் சொல்லப்படும், பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுக்கப்படும். இதற்கு நிறையப் பொறுமை வேண்டும். முன்பு பலர் பகிர்ந்துகொண்ட வேலையை வேலைக்குப் போய்க் களைத்து வரும் இரண்டு பேர், பல வீடுகளில் ஒரே ஒருவர், தனியாகச் சுமக்கும்போது அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? இவர்களை நான் குறை சொல்வதில்லை.

பிறருக்கு உதவும் குணம் குறைந்துவிட்டது என்ற புகாருக்கும் இதோடு தொடர்பு உண்டு. அறையில் வண்ணப் பென்சில் பெட்டி அடிக்கடி கீழே கொட்டும். பிள்ளை அசைவதற்குள் தாய் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிடுவார். ஒரு தாயிடம் ‘சற்று இருங்கள்’ என்றேன். ஒன்பது வயதுப் பையன் பென்சில்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து நிறவாரியாகவே அடுக்கினான். உதவும் மனம் அவனுக்குப் புதிதாக ஊட்ட வேண்டிய ஒன்றல்ல. எட்டாத தூரத்தில் விழுந்த பொருளை எடுக்க முயலும் அந்நியருக்கு 18 மாதக் குழந்தைகளே தாமாக உதவுவதை உளவியலாளர்கள் ஃபீலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006-இல் காட்டினார்கள். உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள் என்பதை 2008-இல் அவர்கள் கண்டது, ஒவ்வொரு வேலைக்கும் பரிசு அறிவிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய முடிவு. முன்பு தண்ணீர் எடுத்து வரவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளை தேவைப்பட்டது; அந்தச் சுமை சில வீடுகளில் அளவு மீறியும் போனது. இன்று ‘நீ படித்தால் போதும்’ என்கிறோம். தான் செய்யாவிட்டால் பிறருக்குக் குறை நேரும் என்று ஒரு வேலையிலும் உணராத பிள்ளையிடம், திடீரென்று ஒருநாள் சமூக உணர்வை எதிர்பார்க்கிறோம்.

அயலார் வாய்மூடிக்கொண்டதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழு அமெரிக்காவின் சிகாகோ நகரில் 8,782 பேரிடம் கேட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால், பெரியவரிடம் மரியாதையின்றிப் பேசினால் உங்கள் பகுதியினர் தலையிடுவார்களா என்பன போன்ற கேள்விகள் இருந்தன. தலையிடுவார்கள் என்ற நம்பிக்கையும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பற்றும் இருந்த பகுதிகளில், வறுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவாகவே இருந்தது. இன்றோ, பிள்ளையைப் பற்றி அயலார் ஒரு வார்த்தை சொன்னால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூள்கிறது. அடுத்த முறை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்.

அதனால் என்னிடம் வரும் பெற்றோரிடம், நம்பிக்கையான இரண்டு மூன்று குடும்பங்களோடு வெளிப்படையாகப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வரச் சொல்கிறேன். என் பிள்ளை தவறு செய்தால் நீங்கள் தடுக்கலாம். கை ஓங்கக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, நடந்ததை அன்றே எங்களிடம் சொல்ல வேண்டும். பிள்ளையிடமும் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: எந்தப் பெரியவராக இருந்தாலும் தொடுவதோ பேசுவதோ பிடிக்காவிட்டால் மறுக்கலாம், வீட்டில் வந்து சொல்லலாம், நாங்கள் நம்புவோம். வீட்டில் வயதுக்கேற்ற ஒரு வேலை பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். அது அரைகுறையாக முடிந்தாலும், அவன் தூங்கிய பிறகு நாம் போய்ச் சரிசெய்துவைக்க வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை இயல்பாக இருந்த பிள்ளை திடீரென்று முரட்டுத்தனமாக மாறினால், தூக்கமோ பசியோ கெட்டால், குறிப்பிட்ட ஒருவரையோ ஓர் இடத்தையோ பார்த்து ஒதுங்கினால், அதை அடம் என்று எண்ணிக் கண்டிக்கத் தொடங்காமல் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தாமதிக்காமல் குழந்தை மருத்துவரையோ மனநல நிபுணரையோ பாருங்கள்.