தேன்பெட்டிக்குள் பெய்யும் மழை

குளிர்நாடுகளில் தேன்பெட்டியின் மேல் தெர்மாகோல் வைத்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பூச்சிக்கு ஏது உடல்சூடு? அதற்கு எதற்குப் போர்வை?"

தனித் தேனீ என்றால் கேள்வி சரிதான். சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துவிடும். கூட்டமாகச் சேர்ந்தால் கதையே வேறு. குளிர் ஏற ஏற, ராணியை நடுவில் விட்டு எல்லாம் பந்தாக ஒட்டிக்கொள்கின்றன. இறக்கையை ஏற்றும் தசையையும் இறக்கும் தசையையும் ஒரே நேரத்தில் முறுக்கினால் இறக்கை அடிக்காது, சூடு மட்டும் பிறக்கும். உள்ளே தேனீக் குஞ்சுப் புழுக்கள் இருந்தால் பந்தின் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் நிற்கும். எரிபொருள், சேர்த்துவைத்த தேன்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சர்க்கரை எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ தேன் எரிந்தால், அதில் ஏற்கெனவே உள்ள ஈரத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 650 கிராம் தண்ணீர்! குளிர்காலம் முடிவதற்குள் பத்துப் பதினைந்து கிலோ தேன் காலியாகும். அத்தனை ஆவியும் சூடான காற்றோடு மேலே ஏறி, சில்லிட்ட மூடியில் பட்டு, துளியாகத் திரண்டு, நேராகப் பந்தின் மேலேயே சொட்டும். உலர்ந்த தேனீ தாங்குகிற குளிரை நனைந்த தேனீ தாங்காது.

மூடிமேல் தெர்மாகோல் வைத்தால் அதன் உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆவி அங்கே துளியாகாமல், அதைவிடக் குளிர்ந்த பக்கச்சுவரில் போய்ப் படியும். சுவரில் படிந்த நீர் தேனீக்களின் மேல் படாமல் வழிந்து இறங்கும். கெட்டித் தேனைக் கரைக்க அவையே அதில் கொஞ்சம் உறிஞ்சியும் கொள்ளும். பக்கங்களுக்கும் காப்புக் கொடுக்கலாம், தேன் செலவு குறையும். ஆனால் மூடியின் காப்பு அதைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

மரப்பொந்தில் இந்த வம்பெல்லாம் குறைவு, சுவர் அவ்வளவு தடிமன். வழக்கமான பெட்டிகள் பொந்தைப்போல் நான்கு முதல் ஏழு மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கின்றன என்று 2016இல்தான் டெரெக் மிட்செல் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். இன்று பரவலாக இருக்கும் லாங்ஸ்ட்ராத் தேன்பெட்டி வந்ததோ 1850களில்! இந்தக் கணக்குக்கு ஏன் இவ்வளவு காலம்? விற்க ஒரு மருந்தோ கருவியோ கிடைக்காத ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனசு வராது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், காப்புப் போடுகிற அக்கறையில் வாசலை அடைத்துவிடக் கூடாது. காற்று வர மட்டுமல்ல. குளிர்காலத் தேனீ பெட்டிக்குள் மலம் கழிக்காது. வாரக்கணக்கில் அடக்கிவைத்ததை, வெயிலடிக்கும் ஒரு பகலில் வெளியே பறந்துபோய்த்தான் கழித்துவிட்டு வரும்.